மலைக்குப் போகும் மருத்துவ வேனுக்குச் செயற்கைக்கோள் இணையம்: எங்கே டிஷ், எங்கே சிம்?

கேள்வி: சென்னை கொளத்தூரில் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். எங்கள் கண் பரிசோதனை வேன் மாதம் இரண்டு முறை ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் போய் வருகிறது. ஒரு முகாமில் 60 பேர் வரை பார்க்கிறோம். விழித்திரைப் படங்களைச் சென்னையில் இருக்கும் டாக்டருக்கு உடனே அனுப்ப வேண்டும். பல ஊர்களில் சிக்னலே இல்லை. வண்டி ஓடும்போதும் இணையம் கிடைக்கிற மாதிரி கூரையில் டிஷ் வைக்க முடியுமா? மலேசியாவில் இருக்கும் என் மைத்துனர், அடுத்த முறை வரும்போது ஒரு ஸ்டார்லிங்க் டிஷ் வாங்கி வருவதாகச் சொல்கிறார்.

பதில்: மலேசியா டிஷ்ஷை முதலில் பேசி முடித்துவிடுவோம், அதில் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலை அனுப்பும் இந்த மாதிரிக் கருவிகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே இங்கே குற்றம். மலையேறுபவர்கள் கொண்டுபோகும் சின்ன செயற்கைக்கோள் கருவியோடு நம் விமான நிலையங்களில் பிடிபட்ட பயணிகள் உண்டு. சுங்கத்தைத் தாண்டி வந்தாலும், வேறு நாட்டில் பதிவான டிஷ் இங்கே இணைப்பு தரும் என்று நம்பி ஒரு முகாமை நடத்த முடியாது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும், ஜூலையில் விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதியும் கிடைத்தன. ஆனால் உரிமம் வந்தபிறகும் அலைக்கற்றை ஒதுக்கீடு, பாதுகாப்புச் சோதனை என்று படிகள் இருக்கின்றன. எந்த நிறுவனமாக இருந்தாலும், இங்கே பில் போட்டு, உங்கள் அறக்கட்டளையின் பெயரில் பதிவாகும் இணைப்பையே வாங்குங்கள்.

சரி, வேனுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் ‘ஓடும்போதும்’ என்ற ஒரு சொல்தான் செலவை ஏற்றுகிறது. இருபது வருடமாக வி-சாட், அதாவது செயற்கைக்கோளோடு பேசும் சிறிய டிஷ் நிலையங்களைப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். வண்டிக்கு இணைப்பு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி நகரும்போது உள்ளே யார் என்ன செய்வார்கள் என்பதைத்தான். ஆம்புலன்ஸ் என்றால் அதற்குப் பதில் இருக்கிறது. உங்கள் வேனில் படம் எடுப்பது நின்ற இடத்தில்தானே? ஓடுகிற வண்டியில் விழித்திரையைப் படம் பிடிக்க முடியாது.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வகைச் செயற்கைக்கோள் சேவையும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. இஸ்ரோவின் ஜிசாட்-11 போன்ற செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பவை. வண்டி நின்றபின் டிஷ்ஷை ஒரு முறை திருப்பி வைத்தால் போதும். டிவி சேனல்களின் ஓ.பி. வேன் ஓரமாக நின்று, தலையில் டிஷ்ஷை நிமிர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். சென்னையில் சங்கர நேத்ராலயா 2003-ல் இஸ்ரோவின் துணையோடு தொடங்கிய கண் பரிசோதனை வண்டியும் செயற்கைக்கோள் வழியாகத்தான் கிராமத்திலிருந்து டாக்டரைத் தொடர்புகொண்டது. ஓடும் வண்டியில் அந்த டிஷ்ஷை ஒவ்வொரு வளைவிலும் மோட்டார் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விலை எங்கேயோ போய்விடும்.

இரண்டாவது வகை தாழ்வாகச் சுற்றுபவை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலும், அதே மாதிரி இணையம் தரும் ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் 1,200 கிலோமீட்டர் உயரத்திலும் சுற்றுகின்றன. (ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும், 36, 36 ஆக, நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் இஸ்ரோ ஏவியது.) இவை நகர்ந்துகொண்டே இருப்பதால், வீட்டு மாடியில் அசையாமல் இருக்கும் தட்டை டிஷ்கூட அவற்றைத் துரத்தத்தான் வேண்டும். மோட்டாரால் அல்ல, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்களின் அலைகளை முன்பின்னாகத் தள்ளித் தன் பார்வையைத் திருப்புகிறது. அதனால் வண்டி ஓடுவது அதற்குப் பெரிய புதுச் சிக்கல் இல்லை. மரமும் மலைச்சுவரும்தான் சிக்கல். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், காட்டுக்கு நடுவே, எந்த டிஷ்ஷும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் அதையொட்டியே. அதனால் 74 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-11 நமக்கு அடிவானத்திலிருந்து 73 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே தெரிகிறது. வட ஐரோப்பாவில் இதே வகை டிஷ் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நமக்குத் தலைக்கு மேல் ஒரு துண்டு வானம் போதும். ஆனால் அந்தத் துண்டில் புளியமரம் இருக்கக் கூடாது! ஒருமுறை முகாம்காரர்கள் நிழலுக்காக வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, காலை முழுக்க மோடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபதடி தள்ளி நிறுத்தியதும் இணைப்பு வந்துவிட்டது. தட்டை டிஷ் கதை வேறு. அதற்கு ஒரு துண்டு வானம் போதாது, சுற்றிலும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, கணக்கு. அறுபது பேர், ஆளுக்கு நான்கு படம், படத்துக்கு 3 எம்பி என்றால் 720 எம்பி. வினாடிக்கு 2 மெகாபிட் அப்லோட் கிடைத்தாலே 48 நிமிடத்தில் எல்லாம் போய்விடும். அதனால் உங்களுக்கு வேகமான இணைப்பு தேவையில்லை, அறாத இணைப்புதான் தேவை. விற்பனையாளர் டவுன்லோட் வேகத்தைக் காட்டி மயக்கினால், அப்லோட் எவ்வளவு, மாத டேட்டா வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேச வேண்டும் என்றால் மட்டும் உயரம் கணக்கில் வரும். 35,786 கிலோமீட்டரை ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து நான்கு முறை கடக்க வேண்டும்; ஒளியின் வேகத்திலேயே அரை நொடி ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். வயதான பாட்டி பயந்துவிடுவார். டாக்டரிடம் ஒரு மூச்சு விட்டுப் பேசச் சொன்னால் பழகிவிடும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களில் இந்தத் தொல்லை இல்லை.

மழையைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள் இணையம் பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகளில், கேயு பேண்ட் அலையின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், கேஏ பேண்ட் ஒன்று முதல் ஒன்றரை. அலை குட்டையாக ஆக, மழைத்துளி அதை அதிகமாகத் தின்னும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும்போது இணைப்பு அறுந்து, மழை தணிந்ததும் திரும்பும். இது பழுதல்ல. அதனால் படங்கள் முதலில் வேனில் இருக்கும் லேப்டாப்பில் சேர்ந்து, இணைப்பு இருக்கும்போது தானாகப் போகிற மாதிரி மென்பொருளை அமையுங்கள். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். டிஷ்ஷைவிட இதற்கு முதலில் காசு செலவிடுங்கள்.

மின்சாரம்: தட்டை டிஷ்கள் பலவும் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்று வைத்தால் ஆறு மணி நேரம் வரும். கேமராவும் லேப்டாப்பும் அதற்கு மேல். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இதை இணைக்கவே வேண்டாம், தனி பேட்டரி போடுங்கள். கத்திரி வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும். டிஷ்ஷுக்கும் தகடுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

அப்புறம், ஓடும்போதைக்கு என்ன செய்வது? இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம்மைப் போடும் ரூட்டரும், கூரையில் நல்ல வெளி ஆன்டெனாவும் போதும். இன்று செய்தியாளர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு நேரலை தருவதும் பல சிம்களைச் சேர்த்துத்தான். அதில் ஒரு சிம் பிஎஸ்என்எல் ஆக இருக்கட்டும். சிக்னல் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒன்றிய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது; போன வருடம் செத்துக் கிடந்த இடத்தில் இன்று கோபுரம் இருக்கலாம். அடுத்த பயணத்தில் டிரைவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த ஊரில் எந்த சிம் எடுக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் ஊர்களில் பாதிக்கு மேல் எடுத்தால், டிஷ் வாங்குவதைத் தள்ளிப்போடலாம் என்பேன்.

எடுக்கவில்லை என்றால், நின்ற இடத்தில் தானே திரும்பிப் பூட்டிக்கொள்ளும் வி-சாட் டிஷ்ஷை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கேளுங்கள். ஓடும்போது இணையம் தர 2018 டிசம்பரில் வந்த தனி விதிகள் விமானத்துக்கும் கப்பலுக்கும்தான், சாலை வண்டிக்கு அல்ல. அதனால் உங்கள் வண்டி ஊர் ஊராக இடம் மாறுவதை அந்த இணைப்பு அனுமதிக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் முழுதும் கொடுக்கும் முன் டெமோ டிஷ்ஷை ஜமுனாமரத்தூருக்கு எடுத்துவரச் சொல்லி, உங்கள் கேமராவில் எடுத்த படங்களையே அனுப்பிப் பாருங்கள். மழை பெய்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.