அலுவலகத்தின் ஆறு கணினிகளுக்கும் ஒரே பிரிண்டரைப் பொதுவாக வைப்பது எப்படி?

கடலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், ஆறு கணினிகள், கணக்காளரின் கணினியில் யுஎஸ்பி கேபிளால் மாட்டிய ஒரு லேசர் பிரிண்டர். அவர் விடுப்பு எடுத்தால் யாருக்கும் பிரிண்ட் வருவதில்லை, என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய விடுப்பை ரத்து செய்யாமலே இதைத் தீர்க்கலாம். முதலில் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில், தொலைபேசித் துளையைவிடச் சற்று அகலமாக, லேன் கேபிள் மாட்டும் துளை இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். வழக்கறிஞர், ஆடிட்டர் அலுவலகங்களில் நான் அடிக்கடி காண்பதும் இதே ஏற்பாடுதான். லேன் துளை தூசி படிந்து காலியாகக் கிடக்கும். பிரிண்டரோ யாரோ ஒருவருடைய கணினியை நம்பிப் பிழைத்துக்கொண்டிருக்கும். பிரிண்டரை எந்த ஆளின் கணினியிலும் கட்டிப்போடாதீர்கள். அதை நேராக ரூட்டரில் மாட்டுங்கள்.

யுஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் தடுமாறும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் எல்லோருக்கும் எட்டுகிற ஒரு மூலையில் பிரிண்டரை வைத்துவிடலாம். ரூட்டரில் துளை மிச்சம் இல்லையென்றால் ஒரு லேன் இணைப்பைப் பல துளைகளாக்கித் தரும் எட்டுத் துளை நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வைஃபை போதாதா என்பீர்கள். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். தவறிப்போய் விருந்தினருக்கென்று வைத்திருக்கும் வைஃபையில் சேர்த்துவிட்டால் மற்ற கணினிகளுக்கு அது தென்படாது. இடத்தை விட்டு அசையாத ஒரு பொருளுக்குக் கம்பியில்லா இணைப்பு எதற்கு என்பது என் கட்சி.

அடுத்தது முகவரி. பெரும்பாலான தொல்லைகள் பிறப்பது இங்கேதான். ரூட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பது போன்ற ஓர் ஐபி எண்ணைத் தற்காலிகமாகத் தருகிறது. மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எண் கேட்டு நிற்கும். நேற்று 7 ஆக இருந்த பிரிண்டர் இன்று 12 ஆகிவிடக்கூடும். கணினிகளோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்குப் பிறகு மின்சாரம் வந்ததும் எனக்கு வந்த அழைப்புகளில் பல இந்த வகைதான். பிரிண்டர் பழுது என்றார்கள். பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை.

இதைத் தவிர்க்க, பிரிண்டரின் மெனுவிலிருந்து அதன் அமைப்பு விவரத் தாளை அச்சிடுங்கள். அதில் மேக் முகவரி என்ற, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்க அடையாளம் இருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அதைப் பதிந்து, 192.168.1.200 போல ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். உங்கள் ரூட்டரின் எண் வரிசை 192.168.0 என்று தொடங்கினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய எண் ஏறிவிடும்.

பிறகு ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டருக்குரிய டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை நிறுவிவிட்டு, விண்டோஸ் தானாகத் தேடிக் காட்டும் பிரிண்டரைத் தொடாமல், கையால் சேர்க்கும் வழிக்குப் போங்கள். ஐபி முகவரி மூலம் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, கருவி வகையில் 'டிசிபி/ஐபி டிவைஸ்' என்று வைத்து, ஒதுக்கிய எண்ணைக் கொடுங்கள். தானாகச் சேர்த்தால் பெரும்பாலும் 'டபிள்யூஎஸ்டி' என்ற போர்ட்டில் (கணினி பிரிண்டரோடு பேசும் வழியில்) போய் உட்காரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரைத் திடீரென்று 'ஆஃப்லைன்' என்று காட்டுவது அதன் பழக்கம். கையால் சேர்த்த பிறகும் ஆஃப்லைன் என்றே காட்டினால் போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அநேகமாக அதோடு சரியாகிவிடும்.

லேன் துளையே இல்லை, வைஃபையும் இல்லை என்றால் மட்டும் கணக்காளரின் கணினி வழியாகப் பிரிண்டரைப் பகிரும் இப்போதைய முறையையே தொடர வேண்டும். 2021 ஜூலையில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த திருத்தங்களுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரைச் சாதாரணப் பயனரால் நிறுவ முடியாது, அட்மின் கடவுச்சொல் வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் திருத்தத்திலிருந்து, பகிர்ந்த பிரிண்டரை இணைக்கும்போது 11பி என்று முடியும் பிழையும் பரவலானது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்று சொல்லும் காணொளிகள் ஏராளம்; அவை, திருத்தங்கள் போட்ட பூட்டைத்தான் திறந்துவிடுகின்றன. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் அலுவலகத்தில் அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கணினியிலும் டிரைவரை அட்மின் கணக்கில் நிறுவிவிட்டு, 'லோக்கல் போர்ட்' ஒன்றை உருவாக்கி, போர்ட் பெயராகப் பகிர்ந்த பிரிண்டரின் முழுப் பாதையை (கணினியின் பெயரும் பிரிண்டரின் பகிர்வுப் பெயரும் சேர்ந்தது) கொடுத்தால் பெரும்பாலும் வேலை செய்யும். பிரிண்டர் மாட்டிய கணினி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், உறக்க நிலைக்குப் போகக் கூடாது. கணக்காளர் விடுப்பில் போனாலும் அவருடைய கணினி விடுப்பில் போகக் கூடாது என்று பொருள்.

ரூட்டரையும் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டலாம். லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். டோனரை உருக்கும் பகுதி சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் ஈரம் தாளில் ஏறி உள்ளே சிக்கும் என்பதால் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் டிரேயில் வைத்து, மீதியை உறையிலேயே மூடி வைத்திருங்கள். பிரிண்டரின் விளக்கு மினுக்கிக்கொண்டு ஒருவருக்கு மட்டும் அச்சு வராமல் நின்றால் அவருடைய கணினியில் தாள் அளவு 'லெட்டர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஏ4 ஆக மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் மாடல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பெரும்பாலான லேசர் பிரிண்டர்களில் 'டி' என்றால் இரு பக்கமும் தானே அச்சிடும், 'என்' என்றால் லேன் துளை உண்டு, 'டபிள்யூ' என்றால் வைஃபை உண்டு. வாங்குமுன் பெட்டியைத் திறந்து பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு 'டிஎன்' போதும்.