கையால் செய்த சாய்வு ஆடித் தொலைநோக்கியை வாங்கலாமா?

கேள்வி: தானே செய்த 110 மி.மீ. ஷீஃப்ஷ்பீக்லர் (சாய்வு ஆடி வகை) தொலைநோக்கியை ஒருவர் விற்கிறார். ஆடிகள் சாய்ந்திருப்பதால் நடுவில் மறைப்பு இல்லை, படம் லென்ஸ் தொலைநோக்கிக்கு நிகராக இருக்கும் என்கிறார். எனக்கு இது முதல் தொலைநோக்கி. வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை. வழக்கமான ஆடித் தொலைநோக்கியான நியூட்டன் வகையில் சின்ன ஆடியும் அதைத் தாங்கும் தகடுகளும் ஒளியின் பாதையிலேயே நிற்கும். அதனால் வியாழனின் பட்டைகள் போன்ற மெல்லிய விவரங்கள் கொஞ்சம் மங்கும். ஜெர்மானியரான ஆன்டன் குட்டர் 1950களில் பரப்பிய இந்த அமைப்பில் பெரிய ஆடியைச் சற்றே சாய்த்து, சின்ன ஆடியை ஒளிப்பாதைக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். படத்தை உருவாக்க லென்ஸ் இல்லாததால் நிறப்பிசிறும் (விளிம்புகளில் நிறம் பிரிந்து தெரிவது) கிடையாது.

ஆனால் சாய்த்த ஆடி ஆஸ்டிக்மாடிசத்தை, அதாவது புள்ளி புள்ளியாகக் குவியாமல் ஒரு பக்கமாக நீளும் கோளாறை, கொண்டுவரும். அதை அடக்கக் குவிய தூரத்தை நீட்ட வேண்டும். இந்த அளவில் அது பெரிய ஆடியின் விட்டத்தைப்போல் சுமார் 25 மடங்கு, அதாவது 2,750 மி.மீ. சாதாரண 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டாலே 110 மடங்கு பெரிதாகிவிடும். முழு நிலாகூட அதற்குள் அடங்குவது சிரமம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள்தான் உங்கள் ஆசை என்றால் மேலே பேசலாம். வானத்தைச் சும்மா சுற்றிப் பார்க்க நினைக்கிறீர்கள் என்றால், முதல் தொலைநோக்கியாக இது வேண்டாம்.

பேசுவதென்றால், இரவில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கருவியை வெளியே வைத்து, ஆடிகள் குளிர்ந்த பிறகு, ஒரு நட்சத்திரத்தை அதிக உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஃபோகஸை இரு பக்கமும் லேசாகக் கலைத்தால் இரண்டிலும் வட்டம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் முட்டை வடிவம், மறுபக்கம் அதே முட்டை குறுக்காகத் திரும்பியிருக்கிறது என்றால் அது ஆஸ்டிக்மாடிசம். உடனே விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். தலையை மட்டும் சாய்த்துப் பாருங்கள். முட்டையும் கூடவே சுழன்றால் கோளாறு உங்கள் கண்ணில். சுழலாவிட்டால் ஆடியின் சாய்வு தவறியிருக்கலாம், அல்லது பிடிப்பான் ஆடியை நெருக்கலாம். திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். செய்தவருக்கே அது கைவரவில்லை என்றால் விட்டுவிடுவது நல்லது.

பகலில் இன்னொரு சோதனை. ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். சின்ன ஆடியும் சுற்றிலும் கறுப்பும்தான் தெரிய வேண்டும். நேரடியாக வானம் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒளித்தடுப்புகள் போதவில்லை; எந்தத் தெளிவுக்காக வாங்குகிறீர்களோ, அதுவே போய்விடும். கறுப்பு அட்டை வைத்துச் சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் விலை பேசும்போது சொல்லலாம். ஆடிகளின் வளைவு, சாய்வுக் கோணம் எழுதிய தாளையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் கழற்றி மாட்டுவது பெரும் பாடு.

கேள்வி: அதே ஆள் 200 மி.மீ. யோலோ (இன்னொரு சாய்வு ஆடி வகை) ஒன்றும் வைத்திருக்கிறாராம். அது மேலா?

பதில்: யோலோவில் இரண்டுமே குழி ஆடிகள், குவிய தூரம் இவ்வளவு நீளாது, பார்வைப் பரப்பும் கூடும். ஆனால் இரண்டாவது ஆடியைத் திருகுகளால் லேசாக வளைத்து வைத்திருப்பார்கள். அந்தத் திருகுகளின் நிலை மாறினால் படம் கெடும். ஏற்கெனவே ஆடி தேய்த்துப் பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.