விவிலியம் கையில் இருக்கும்போது ஆயர் எதற்கு?

உறுத்துகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘விவிலியம் எல்லோர் கையிலும் இருக்கும் இந்தக் காலத்திலும் பாப்பரசரும் ஆயரும் சொல்வதைக் கத்தோலிக்கர்கள் கேட்டு நடப்பது ஏன், படித்தவர்களுக்கு இது உறுத்தவில்லையா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை என் தம்பி பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். நாங்கள் மட்டக்களப்பு, தாண்டவன்வெளியில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். திருமணத்துக்குப் பிறகு அவன் ஒரு பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டான். "அக்கா, இது வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுப் படியேறுவான்.

அவனுக்கு நான் கடன்பட்டவள். ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த கேள்வி பதில்களை வைத்தே முப்பது வயது வரை ஓட்டிவிட்டேன். விவிலியத்தை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது பக்தியால் அல்ல, அவனிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பால்.

வாசிக்கப் போன எனக்குப் பொருளடக்கமே முதல் இடறலாக இருந்தது. என் விவிலியத்தில் 73 நூல்கள், அவனுடையதில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை அவனிடம் இல்லை. எது சரியான பட்டியல் என்பதை விவிலியத்தைப் புரட்டித் தீர்க்க முடியாது, ஏனென்றால் அந்தப் பட்டியல் எந்த வசனத்திலும் இல்லை. நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்கிற புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கூடாமல் குறையாமல் முதன்முதலாக ஒரே பட்டியலில் காணப்படுவது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367 இல் எழுதிய பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) மடலில்தான். தம்பியிடம் இதைச் சொன்னேன். "ஆவியானவர் நடத்தினார்" என்றான். "ஆயரைக் கொண்டுதானே நடத்தினார்" என்றேன். அன்று தேநீர் ஆறிப்போனது.

நான் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். நாள் முழுவதும் காணி உறுதிகளோடுதான், அதாவது நிலப் பத்திரங்களோடுதான் வேலை. உறுதியில் எழுத்து தெளிவாகவே இருக்கும்: வடக்கே வாய்க்கால், கிழக்கே பனை. ஆனால் வாய்க்கால் தூர்ந்திருக்கும், பனை புயலில் விழுந்திருக்கும். அண்ணனும் தம்பியும் ஒரே உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு வேலிகளைக் காட்டுவார்கள். இருவருக்கும் வாசிக்கத் தெரியும், இருவரும் பொய் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லை தெரிந்த ஒரு முதியவர் தேவைப்படுகிறார், கடைசியில் நீதிமன்றமும் தேவைப்படுகிறது. அதற்காக நீதிமன்றம் உறுதிக்குப் புதிதாக ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட முடியாது. திருச்சபையின் ஆசிரியம் (பாப்பரசருக்கும் ஆயர்களுக்கும் உள்ள போதிக்கும் அதிகாரம்) என்று நாங்கள் சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும், ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேற்பட்டது அல்ல, அதற்குப் பணி செய்வது என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில், தேரில் இருந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அதிகாரியும், விளக்க ஒருவர் இல்லாமல் எப்படிப் புரியும் என்றுதான் பிலிப்பிடம் கேட்டார்.

அந்த ‘எல்லை தெரிந்த முதியவர்’, அதாவது மரபு, எங்கள் ஊருக்குப் புதியவர் அல்லர். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய ஆட்சி நடந்த கரையோரங்களில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவாவைச் சேர்ந்த குரு யோசேப்பு வாஸ் 1687 இல் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை அந்த மக்களிடம் குருவும் இல்லை, தமிழில் அச்சிட்ட விவிலியமும் இல்லை. தமிழ்ப் புதிய ஏற்பாடே தரங்கம்பாடியில் 1715 இல்தான் அச்சாகி முடிந்தது. அதைச் செய்தவர் சீர்திருத்த சபைக்காரரான சீகன்பால்கு. (இந்த வரியை வாசித்தால் தம்பி துள்ளுவான். துள்ளட்டும், நியாயம்தான்.) குருவும் நூலும் இல்லாத அந்த நீண்ட ஆண்டுகளில் விசுவாசத்தைக் கடத்தியது செபமாலையும், தாய்மார் சொல்லிக்கொடுத்த விசுவாசப் பிரமாணமும். மரபு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இனி உறுத்தும் பகுதி. பாப்பரசர் வாய் திறந்தாலே அது வழுவாத வாக்கு என்று நினைப்பவர்கள் எங்கள் பங்கிலேயே உண்டு. அது தவறு. விசுவாசம், ஒழுக்கம் பற்றி முழு அதிகாரத்தோடு வரையறுக்கும்போது மட்டும் பாப்பரசர் தவறமாட்டார் என்கிற வழுவாவரம் 1870 இல் முதலாம் வத்திக்கான் சங்கத்தில் வரையறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு பாப்பரசர் அதை ஐயத்துக்கு இடமின்றிப் பயன்படுத்தியது 1950 இல், மரியாவின் விண்ணேற்பை அறிவித்தபோது மட்டும். மற்றப் போதனைகளுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் எல்லாம் ஒரே எடை அல்ல. சொறிக்கல்முனையில் பிறந்த என் அம்மம்மாவுக்கு இந்தச் சங்கங்களின் பெயரே தெரியாது. ஒருமுறை பூசையில் சுவாமி (குரு) ஒருவர் ஏதோ ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லாமல் கிழித்துவிட்டார். நாங்கள் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தோம். "பூசை ஆண்டவருடையது, கோபம் மட்டும்தான் சுவாமியுடையது" என்று சொல்லிவிட்டு அம்மம்மா மீன் வெட்டப் போய்விட்டார். இறையியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் கத்தியைத் தேடிக்கொண்டே சொல்லி முடித்தார்.

அதிகாரம் தவறாகக் கையாளப்படுவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் நாட்டுக் குருவான திஸ்ஸ பாலசூரிய மரியாவைப் பற்றி எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். மறு ஆண்டே அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. எழுபது வயது கடந்த ஒரு குருவிடம் அத்தனை கடுமை தேவைப்பட்டதா என்று இன்றும் கேட்கிறேன். அப்படிக் கேட்பதும் கலகம் அல்ல. நம்பிக்கையாளர் தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க உரிமை உடையவர்கள், சில வேளைகளில் அது கடமையும்கூட என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 212ஆம் பிரிவு சொல்கிறது. செயற்கைக் கருத்தடையை மறுத்த, பாப்பரசரின் 1968 ஆம் ஆண்டுச் சுற்றுமடலோடு எத்தனை கத்தோலிக்க வீடுகள் மல்லுக்கட்டின என்பது எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக் கதையை இங்கே எழுதப் போவதில்லை.

அறிவியல் எனக்குப் பெரிய தொல்லை தரவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகள், தொடக்கநூலின் ஆறு நாட்களை என்ன செய்வது என்று கேட்டாள். பழைய நூல்களை அவற்றின் இலக்கிய வகை அறிந்து வாசிக்க வேண்டும் என்று பாப்பரசர் 12ஆம் பயஸ் 1943 இலேயே எழுதிவிட்டார் என்றேன். "அப்படியென்றால் பூசையில் ஏன் யாரும் சொல்வதில்லை?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2019 ஏப்ரல் 21 அன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின், நானும் தம்பியும் பல மாதங்கள் வாதாடவில்லை. 73 ஆ 66 ஆ என்ற பேச்சே எழவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பிற்பகல் அவனே தொடங்கினான்: "அக்கா, அந்தத் தோபித்து என்கிற நூலில் அப்படி என்னதான் இருக்கிறது?" ஒரு வானதூதர், ஒரு மீன், கூடவே நடந்து போகிற ஒரு நாய் என்றேன். நம்பாமல் என் விவிலியத்தை எடுத்துக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை. பாப்பரசரை விட்டுவிட்டு இப்போது நாயைப் பற்றித்தான் தொலைபேசியில் கேட்கிறான்.