காலை ஆறரை மணிப் பலாலி விமானம்

வணக்கம் அண்ணா,

என் ஊர் கிண்ணியா. உயர்தரம் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் சேர்ந்து போன வருடம் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டில் ஒரு மெய்நிகர் விமான சேவை தொடங்கினோம். தலைமையிடம் திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையம். மொத்தம் 62 வழித்தடங்கள். ஏடிஆர், ஏ320, ஏ330, 777 என்று ஒன்பது விமானங்கள். முதல் இரண்டு மாதத்தில் 31 பேர் விமானிகளாகச் சேர்ந்து லண்டன், துபாய், டொரண்டோ என்று பறந்தார்கள். ஆகவும் மெதுவாகத் தரையிறக்குபவருக்கு மாதாமாதம் பட்டியலில் முதலிடம் கொடுத்தோம். இப்போது பறப்பது நாங்கள் நாலு பேர்தான். அதிலும் ஒருவர் விலகப் போகிறார். "எங்கேயும் போகாத பிளேனுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று வாப்பா கேட்கிறார். எங்கே பிழை விட்டோம்? மூடிவிடலாமா?

ஒரு வாசகர், கிண்ணியா

அன்புள்ள தம்பி,

மூட வேண்டாம். 58 வழித்தடங்களை மட்டும் மூடுங்கள்.

உங்கள் கடிதத்தில் விமானங்களின் எண்ணிக்கை இருக்கிறது, ஊர்களின் பெயர் இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கையும் இருக்கிறது. எத்தனை மணிக்கு எது புறப்படும் என்று ஓர் இடத்திலும் இல்லை. பிழை அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒருவர் இரவு லண்டனில் 777ஐ இறக்குகிறார். அதே விமானத்தை இன்னொருவர் அரை மணி நேரம் கழித்துத் துபாயில் இருந்து கிளப்புகிறார். இவர் பறப்பதற்கும் அவர் பறப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அப்படியென்றால் அந்த 31 பேரும் தனித்தனியே வீட்டிலிருந்து பறந்தால் போதுமே, உங்களிடம் எதற்கு வர வேண்டும்?

நானும் இரண்டு நண்பர்களும் இதே சீனக்குடாவை வைத்துச் சில வருடங்கள் ஒரு சிறிய சேவை நடத்தினோம். எங்களிடம் இருந்தது செஸ்னா காரவன் என்ற ஒரே ஒரு சின்ன விமானம். விமானம் கடைசியாக எங்கே இறங்கியதோ அங்கிருந்துதான் மறுபடி புறப்படலாம் என்று மென்பொருளில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அதைப் போட்டிருந்தோம். ஒரு வியாழன் மாலை நண்பர் அதை மட்டக்களப்பில் இறக்கிவிட்டுப் படுக்கப் போனார். இரவே திரும்பக் கொண்டுவர வேண்டியவரும் அவர்தான். காய்ச்சல், சொல்ல மறந்துவிட்டார். வெள்ளி காலை நான் ஆறு மணிக்கு எழும்பி, தேத்தண்ணியோடு உட்கார்ந்து, யாழ்ப்பாணத்துப் பலாலிக்கான பயணத்தைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. விமானம் மட்டக்களப்பில் நிற்கிறது என்று ஒரே ஒரு வரி. சீனக்குடாவின் தரிப்பிடத்தைத் திரையில் போய்ப் பார்த்தேன். வெறும் கொங்கிரீட் தரை, ஓரத்தில் புல். முதலில் கோபம் வந்தது. அப்புறம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் விமானம் உண்மையாகவே வேறோர் ஊரில் நின்றுகொண்டிருந்தது. அன்று பலாலிப் பயணம் ரத்து என்று பதிவேட்டில் எழுதினோம். மற்ற நண்பர் அன்றிரவு மட்டக்களப்பிலிருந்து பயணிகள் இல்லாமல் அதை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். 58 கடல் மைல், அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்த ஒரு ரத்துக்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரு பயணத்தைக்கூடச் சும்மா விட்டதில்லை.

ஆகவே ஒரு விமானத்தோடு தொடங்குங்கள். காரவன் சிமுலேட்டரோடு சேர்ந்தே வருகிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. இலங்கைக்குள் சினமன் எயார் நிறுவனம் பறக்கவிட்டதும் இதே வகைதான். ஊர்கள் நாலு போதும்: சீனக்குடா, பலாலி, மட்டக்களப்பு, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை. சீனக்குடாவிலிருந்து பலாலி நேர்கோட்டில் 100 கடல் மைல். இரத்மலானை கிட்டத்தட்ட 130. காரவன் மணிக்கு 170 கடல் மைல் வேகத்தில் போகும். ஏறவும் இறங்கவும் தரையில் ஊர்ந்து போகவும் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது இப்படி வரும்: காலை 06:30க்குப் புறப்பட்டு 07:20க்குப் பலாலி. 07:50க்குத் திரும்பி 08:40க்குச் சீனக்குடா. 09:15க்குக் கிளம்பி 09:50க்கு மட்டக்களப்பு. 10:20க்கு அங்கிருந்து இரத்மலானை, 11:25க்கு இறங்கலாம். மாலை 15:30க்குப் புறப்பட்டு 16:35க்கு வீடு. ஒரு விமானம், ஐந்து பயணம், இரவில் சொந்த ஊரில் தரிப்பு. நாலு பேருக்குச் சரியாக இருக்கும். காலையில் ஒருவர் பிந்தினால் இரத்மலானை வரைக்கும் பிந்தும், அப்போது ஒருவரை ஒருவர் தேடுவீர்கள். பயணத் திட்டத்தில் நேரம் உலக நேரப்படி போகும் என்பதால் உங்கள் 06:30 அங்கே 01:00 என்று பதிவாகும். முதல் வாரம் இதில் எல்லோருக்கும் தடுமாற்றம் வரும்.

ஏடிஆர் 72ஐ விற்க வேண்டாம், ஆறு மாதம் கொட்டகையில் வையுங்கள். சென்னையில் இருந்து பலாலிக்கு 2019 நவம்பரில் சேவை தொடங்கியபோது வந்தது அதுதான். எழுபது பேர் அளவில் ஏற்றும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது வானத்தில் நடப்பதல்ல, தரையில் நடப்பது. பெரிய ஜெட்களின் வாலில் மின்சாரம் தருவதற்கென்று ஒரு சின்ன எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. தரித்து நிற்கும்போது வலப்பக்க எஞ்சினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்கிறார்கள். இதற்கு 'ஹோட்டல் மோட்' என்று பெயர். ஆட்கள் இறங்குவது இடப்பக்கம் பின்கதவால். அந்தக் கதவே விழுந்து படிக்கட்டாகிவிடும். ஆகவே ஏணி வண்டியோ மின்சார வண்டியோ இல்லாத சின்ன ஊரிலும் அரை மணி நேரத்தில் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு போய்விடலாம். இதைக் கை பழகும்வரை ஒவ்வொரு சுவிட்சாகச் செய்து பாருங்கள்.

பெரிய விமானங்களைக் கைவிடுவது குறைச்சல் என்று உங்கள் நண்பர்கள் நினைக்கலாம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் பயணத்தை ஒரு டிசி-3 விமானத்தில்தான் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னை. ஒரு நாட்டின் விமான சேவையே வடக்கே போகும் ஒரு சின்ன விமானத்தோடு பிறந்திருக்கிறது.

அந்த மெதுவான தரையிறக்கப் பட்டியலைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்துப் பறப்பவர் ஓடுபாதையின் மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதப்பார், பாதிப் பாதை போனபிறகு பஞ்சு மாதிரி தொடுவார், இறங்கிய வேகம் நிமிடத்துக்கு 60 அடி என்று பதிவாகும், முதலிடம் கிடைக்கும். சீனக்குடாவில் கிட்டத்தட்ட 2,400 மீற்றர் இருப்பதால் தப்பிவிடலாம். மழை பெய்த ஒரு சின்னப் பாதையில் அதே பழக்கம் அவரைப் புல்லுக்குள் கொண்டுபோய் விடும். தொட வேண்டிய இடத்தில், சரியான வேகத்தில், கொஞ்சம் அழுத்தமாகத் தொட்டவர்தான் நல்ல விமானி. பட்டியல் போட ஆசையென்றால் நேரத்துக்குப் புறப்பட்டவர்களின் பெயரைப் போடுங்கள்.

சிமுலேட்டரில் காலநிலையை எப்போதும் நேரடியாக, அந்நேரம் வெளியே உண்மையில் அடிக்கும் காற்றும் மழையுமாக வையுங்கள். சீனக்குடாவின் ஓடுபாதை 06, 24 என்று இரண்டு முனை கொண்டது. ஒன்று வடகிழக்குப் பக்கம் பார்க்கிறது, மற்றது தென்மேற்குப் பக்கம். நம் ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்: காற்றை எதிர்த்து ஏற, வடகிழக்கு வாடைக்கு ஒரு முனை, தென்மேற்குக் கச்சான் காற்றுக்கு ஒரு முனை. ஜூன், ஜூலையில் வீட்டுக் கதவு படபடவென்று அடிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும், இன்று 24ஆல்தான் ஏற வேண்டும் என்று. டொரண்டோவுக்குப் பறந்த எவருக்கும் அந்த அறிவு கிடைத்திருக்காது.

சின்ன விஷயங்கள் சில. உண்மையான நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ எடுக்காதீர்கள், சொந்தமாக ஒன்று வரையுங்கள். பதவிப் பட்டங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் மற்ற விமானிகளோடும் கட்டுப்பாட்டாளர்களோடும் பறப்பதை நாலு பேருக்கும் அட்டவணை பழகிய பிறகு பார்க்கலாம்.

சரி, வாப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி. அவரை ஒரு காலையில் பக்கத்தில் உட்காரவையுங்கள். பலாலிக்கு நேர்கோட்டில் போகாமல், கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கரையோரமாகவே 3,000 அடியில் பறந்து காட்டுங்கள். நிலாவெளி வரும், கடலுக்குள் புறாத்தீவு தெரியும். குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய்க் களப்பு, முல்லைத்தீவு, பிறகு சுண்டிக்குளம். ஆனையிறவில் இடமும் வலமும் தண்ணீர் நடுவே தரை மெலிந்து போவதை அவர் பார்ப்பார். பஸ்ஸில் வவுனியா சுற்றி யாழ்ப்பாணம் போய் வந்த தலைமுறை அது. என் அம்மாவுக்கு நான் இதைக் காட்டியபோது அவர் விமானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொக்கிளாய் வந்ததும் "கொஞ்சம் மெதுவாப் போ" என்றார். நான் வேகத்தைக் குறைத்து ஒரு வட்டம் அடித்தேன். அன்று பலாலிக்குப் பதினோரு நிமிடம் பிந்திப் போனோம். பதிவேட்டில் காரணத்தையும் எழுதியிருக்கிறேன்.

விலகப் போகிறவரிடம் 06:30 பயணத்தைக் கொடுத்துப் பாருங்கள். அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பலாலிப் பயணம் யாருக்கும் போடாமல் இருந்தால் அதை நான் எடுக்கிறேன். ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன்.

அன்புடன்