காலிக் கட்டம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் மருந்தியல் ஆய்வு மாணவி. ஆறு எலிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, 24 மணி நேரம் வரை பிளாஸ்மாவில் அதன் அளவைப் பார்த்து எழுதிய கட்டுரையை ஒரு ஜர்னல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தரவு எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள். "கேட்டால் தரப்படும்னு போடும்மா, போதும்" என்கிறார் கைடு. எனக்கு ஜெனோடோ என்ற இலவச இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட ஆசை. யாராவது எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டால் என்ன செய்வது? எந்த லைசென்ஸ் கொடுப்பது? எக்செல் கோப்பு தயார். மதிப்பு வராத இடங்களைக் காலியாக விட்டு மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் வாழ்த்துகள். "கேட்டால் தரப்படும்" என்ற வரிமேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே கடுப்பு. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்திருக்கிறது. இப்படி எழுதிய 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் உண்மையிலேயே தரவைக் கேட்டுப் பார்த்து, 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தந்தவர்கள் 6.8 சதவீதம். உங்கள் கைடு கெட்டவர் என்று சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள், ஆய்வகக் கணினி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

திருட்டுப் பயத்தை விடுங்கள். ஜெனோடோவில் ஏற்றியதுமே உங்கள் பெயரும் தேதியும் டிஓஐ எண்ணோடு, அதாவது அந்தப் பதிவுக்கே உரிய நிரந்தர அடையாள எண்ணோடு, பதிவாகிவிடும். கட்டுரை வரும்வரை கோப்பைப் பூட்டி வைக்கவும் அங்கே வசதி உண்டு.

என்னைப் பதற வைத்தது உங்கள் கடைசி வரி. மஞ்சளா? ஆவணமாக வைக்க அந்தக் கோப்பை சிஎஸ்வி-யாக, அதாவது வெறும் எழுத்துக் கோப்பாக, சேமிப்பீர்கள், சேமிக்கத்தான் வேண்டும். அந்த நொடியில் நிறம் போய்விடும். மிச்சம் வெறும் காலிக் கட்டம். அது என்ன சொல்கிறது? ரத்தம் எடுக்கவில்லையா? எடுத்த ரத்தம் சிதைந்துவிட்டதா? மருந்தைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஊசி தவறியதா? மருந்து இருந்தும் அளவிடக்கூடிய கீழெல்லைக்குக் கீழே போய்விட்டதா? எண்ணைத் தட்ட மறந்தீர்களா? ஐந்தும் ஐந்து விஷயம் அம்மா. ஐந்துக்கும் ஒரே வெள்ளைக் கட்டமா?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். கீழெல்லை ஒரு மில்லிக்கு 5 நானோகிராம் என்று வையுங்கள். 12-வது மணியில் ஆறு எலிகளின் சராசரி 20. 24-வது மணியில் மூன்று எலிகளில் 9, 7, 6. மற்ற மூன்றும் காலி. மென்பொருள் காலியை ஒதுக்கிவிட்டுச் சராசரி 7.33 என்று சொல்லும். இந்த இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அரை ஆயுட்காலம் (மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 8.3 மணி. காலிகளைப் பூஜ்யமாக எடுத்தால் சராசரி 3.67, அரை ஆயுட்காலம் 4.9 மணி. கீழெல்லையில் பாதி, அதாவது 2.5 என்று வைத்தால் 5.9 மணி. மாதிரி தற்செயலாக வீணாகியிருந்தால் முதல் கணக்கு நியாயம். மருந்து கீழெல்லைக்குக் கீழே போயிருந்தால் அது பொய். வேகமாக மருந்தை வெளியேற்றிய மூன்று எலிகளைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டீர்கள். பூஜ்யமும் சரியில்லை, மருந்து அங்கே இல்லை என்று நீங்கள் நிரூபிக்கவில்லையே. உங்கள் தரவை எடுத்து மறுகணக்குப் போடுகிறவருக்கு எது நடந்தது என்று எப்படித் தெரியும்?

ஆகவே கோப்பில் அளவுக்கு ஒரு பத்தி (நெடுக்கு வரிசை), பக்கத்திலேயே நிலைக்கு இன்னொரு பத்தி வையுங்கள். மதிப்பு இல்லாத ஒவ்வொரு வரிசையிலும் காரணத்தைச் சொல்லாக எழுதுங்கள். எண் பத்தியில் "<5" என்று போடாதீர்கள், மொத்தப் பத்தியையும் மென்பொருள் எழுத்தாகப் படித்துவிடும். காலிக்கு அடையாளமாக -99 என்றும் வேண்டாம், எவராவது அதையும் சேர்த்துச் சராசரி எடுப்பார். கீழெல்லை எவ்வளவு, அதை எப்படிக் கண்டீர்கள் என்பது தரவோடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மி கோப்பில் இருக்கட்டும். நேரத்துக்கும் இரண்டு பத்தி வேண்டும். திட்டத்தில் 30 நிமிடம் என்றிருந்து, ரத்தம் எடுத்தது 37-வது நிமிடத்தில் என்றால் இரண்டும் தெரிய வேண்டும்.

எக்செலைப் பற்றியும் ஒன்று. எச்பிஎல்சி-க்குப் பயன்படும் கரைப்பான் அசிட்டோநைட்ரைலின் சிஏஎஸ் எண், அதாவது வேதிப்பொருள் அடையாள எண், 75-05-8. தட்டிப் பாருங்கள், 1975 மே 8 ஆக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் 2020-ல் சில மனித மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அந்தப் பத்தியை முதலிலேயே 'எழுத்து' என்று வகைப்படுத்திவிட்டுத் தட்டுங்கள்.

குரோமடோகிராம்களையும், அதாவது எச்பிஎல்சி கருவி வரைந்து தந்த வரைபடங்களையும், ஏற்றுங்கள். கருவி தந்த மூலக்கோப்பு அப்படியே ஒன்று, வேறு மென்பொருளிலும் திறக்கும்படி சிடிஎஃப் வடிவில் ஒன்று. எந்தெந்த பீக்கில் (வரைபட மேட்டில்) அடிமட்டக் கோட்டைக் கையால் இழுத்தீர்கள் என்ற பட்டியலும் கூடவே போகட்டும். இடம் போதுமா என்று கவலை வேண்டாம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம்.

நாளைக்கே ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்து, மஞ்சள் கட்டம் ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் தேதியைத் தேடுங்கள். குறிப்பேட்டில் எதுவும் இல்லையென்றால், நினைவிலிருந்து ஒரு காரணத்தை உண்டாக்கிப் போடாமல், "காரணம் பதிவாகவில்லை" என்றே நிலைப் பத்தியில் எழுதுங்கள். வெட்கமாக இருந்தாலும் எழுதுங்கள்.

லைசென்ஸ் கேட்டிருந்தீர்களே. உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை 4.0 போதும்.