ஏரியில பூத்திருக்கறது குட்டி அல்லியா?

கேள்வி: சார், எங்க ஊர் ஏரியில கரையோரமா முழங்கால் தண்ணி நிக்கிற இடத்துல வெள்ளையா சின்ன சின்ன பூ நிறைய பூத்திருக்கு, நடுவுல மஞ்சள், இதழ் மேல எல்லாம் முடி முடியா இருக்கு. இலை அப்படியே அல்லி இலைதான். அல்லிக்குட்டினு வீட்ல சொல்றாங்க, வளந்தா பெரிய அல்லி ஆயிடுமா? மாடித் தொட்டியில வைக்கலாமா?
- வாசகி, மதுராந்தகம்

பதில்: எத்தனை வருஷம் விட்டாலும் ஆகாது, ஏன்னா அது அல்லி குடும்பமே இல்ல. நீங்க சொல்றத வச்சு பார்த்தா அது நிம்ஃபாய்டிஸ் இண்டிகா (அறிவியல் பேரு இது), நம்ம நாட்டுச் செடிதான். சொந்தம்னு தேடிப் போனா சூரியகாந்தி பக்கம் போய் நிக்கும், நம்புங்க!

ஒரு இலையை மெல்ல தூக்கிப் பாருங்க. அல்லின்னா இலைக்கு ஒரு தண்டு, பூவுக்கு ஒரு தண்டுன்னு தனித்தனியா சேத்துக்குள்ள இருந்து வரும், இதுல இலைக்குக் கொஞ்சம் கீழ தண்டுலயே ஒரு கணு இருக்கும், பூக்காம்பெல்லாம் கொத்தா அங்கேர்ந்துதான் வரும், மேலேர்ந்து பார்த்தா இலையிலயே பூ மொளைச்சாப்ல தெரியும். (போட்டோ அனுப்புறவங்க எல்லாரும் பூவை மட்டும் க்ளோசப்ல எடுத்து அனுப்புறீங்க, தயவுசெஞ்சு அந்தக் கணுவையும் எடுங்கப்பா.) அல்லிக்கு இதழ் அடுக்கடுக்கா இருக்கும், இதுக்கு பெரும்பாலும் அஞ்சுதான், பூவும் சுமார் 2 செ.மீ. அகலம்தான் இருக்கும்.

முடி விஷயத்துக்கு வருவோம். இதழ் மேல்பக்கம் பூரா முடி இருந்தா இண்டிகா. முடி இல்லாம இதழ் நடுவுல நீளவாக்குல ஒரு மடிப்பு எழும்பி நின்னா அது நிம்ஃபாய்டிஸ்லயே இன்னொரு வகையான கிரிஸ்டேட்டா, அதுவும் நம்ம பக்கத்துச் செடிதான். இங்க சாதுவா கெடக்குற அந்த கிரிஸ்டேட்டா அலங்காரச் செடியா அமெரிக்கா போய், ஃப்ளோரிடா, சவுத் கரோலினா ஏரிகளை எல்லாம் மூடிடுச்சு, அங்க மருந்தடிச்சு அழிச்சிட்டு இருக்காங்க.

பார்க்கப் போனா காலைலயே போயிடுங்க, ஒரு பூ ஒரே நாள்தான், சாயங்காலம் போனா மூடிக்கிட்டு இருக்கும்.

தொட்டியில தாராளமா வைக்கலாம். வேரோட பிடுங்க வேணாம், கணுவோட ஒரு இலை போதும், களிமண் போட்டு ஒரு சாண் தண்ணி விட்டு நல்ல வெயில்ல வைங்க, கணுவுல வேர் விட்டுடும். கொசுவுக்கு ரெண்டு கப்பி மீன் விடுங்க. பெருகிப் போச்சுன்னா மிச்சத்தை வேற ஏரி குளத்துல கொட்டாதீங்க, காய வச்சு உரக்குழியில போட்டுடுங்க.