பத்து நிமிஷக் கொண்டை: கேளுங்க, சொல்றேன்

மதுரையில 22 வருஷமா பியூட்டி பார்லர் வெச்சிருக்கேன். முகூர்த்த நாள்னா விடியக்காலை மூணு மணிக்கே சீப்பும் கையுமா நிப்பேன். இன்னைக்கு வீட்டுல நாமளே போட்டுக்குற கொண்டையைப் பத்தி மட்டும் கேளுங்க. ஃபேஷியல், ஹேர் கலர் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம்.

திண்டுக்கல், பள்ளி ஆசிரியை: அக்கா, தினமும் சேலைதான். முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. காலையில பத்து நிமிஷம் கிடைச்சாலே பெருசு. கொண்டை போட்டா மூணாவது பீரியட்லயே சரிஞ்சு கழுத்துல உக்காந்துடுது. பத்துப் பன்னிரண்டு பின் குத்தியும் நிக்கல.

பின்னைக் குறைங்கம்மா, கொண்டை நிக்கும். கொண்டை நிக்கிறது அடியில இருக்கிற குதிரைவால் பலத்துலதான். முந்தின நாள் தலைக்குக் குளிச்ச முடியா இருந்தா ரொம்ப நல்லது, அன்னைக்கே அலசுன முடி வழுக்கும். முதல்ல பெரிய பல் சீப்பால நுனியிலிருந்து மேல மேல சிக்கெடுங்க. அப்புறம் முடியை ஒரே பிடியா பிடிக்காதீங்க. பின்தலை நடுவுல ஒரு கைப்பிடி முடியை மட்டும் எடுத்து, காது நடு உயரத்துக்கு நேரா, துணி சுத்துன பேண்டால கட்டுங்க. முன்முடியையும் பக்கத்து முடியையும் அது மேல சீவிக் கொண்டுவந்து இன்னொரு பேண்ட் போடுங்க. பாரத்தை உள்ள இருக்கிற முதல் கட்டு தாங்கிக்கும், முன்முடியை இழுக்க வேண்டியதே இல்ல. பேப்பர் கட்டுற ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம், அவுக்கும்போது முடியைப் பிச்சுட்டு வரும்.

இப்ப வாலை முறுக்குங்க. ஓரளவு முறுக்கு ஏறினதும் அது தானா ஒரு பக்கம் சுருளப் பாக்கும். அது போற பக்கமே விட்டு பேண்டைச் சுத்திக்கோங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா நடக்க நடக்க அவிழும். நுனியைக் கொண்டைக்கு அடியில சொருகிடுங்க.

அடுத்தது கொண்டை ஊசி. பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான். ஊசியை நேரா நடுவுல குத்துறீங்க, அது வந்த வழியே வெளிய வந்துடுது. ஊசியோட ரெண்டு முனையும் கொண்டைக்கு வெளிப்பக்கம் பாக்குற மாதிரி பிடிங்க. கொண்டை ஓரத்துல நாலு முடியைக் கோத்துக்கோங்க. இப்ப ஊசியை அப்படியே திருப்பி, முனை நடுவைப் பாக்க, தலையை ஒட்டி உள்ள தள்ளுங்க. கொல்லிமலை ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அங்க பஸ் திரும்புற மாதிரி ஊசியும் முழுசாத் திரும்பணும். திருப்பித் தள்ளினதும் கொண்டை ஒரு சின்ன அசைவோட தலையோட உக்காரும், விரலுக்கே தெரியும். மேல, கீழ, ரெண்டு பக்கம்னு நாலு ஊசி, நுனி சொருகின இடத்துல ஒண்ணு, மொத்தம் அஞ்சு.

முன்னாடி பறக்குற குட்டி முடிக்குப் பழைய டூத்பிரஷ் எடுத்துக்கோங்க. உள்ளங்கையில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயைத் தேச்சு, பிரஷை அதுல தடவி மேலாப்புல சீவுங்க. வலை வேணும்னா போட்டுக்கலாம். ஒரு வாரம் கை பழகட்டும், பத்து நிமிஷத்துல மிச்சமே இருக்கும்.

சேலம்: ஸ்லைடுல ஒரு கால் நேரா, ஒரு கால் நெளிஞ்சு இருக்கு. எது மேல வரணும்?

நெளிஞ்ச கால் தலைப்பக்கம். அதுதான் முடியைப் பிடிக்கும்.

சென்னை, கல்லூரி ஹாஸ்டல்: காலையில தலைக்குக் குளிச்சுட்டு எட்டரை மணி கிளாஸுக்கு ஓடணும். ஈரத்தோட கொண்டை போட்டா பளபளன்னு அழகா உக்காருது, அப்படியே போகலாமா?

போகாத தங்கச்சி. ஈர முடி காஞ்ச முடியை விட அதிகமா இழுபடும், சீக்கிரம் அறுந்துடும். சுருட்டி வெச்ச கொண்டைக்குள்ள காத்தே போகாது, சாயங்காலம் அவுத்தாலும் நடுவுல ஈரம் இருக்கும். வாடை வரும், தலை அரிக்கும். ராத்திரியே குளிச்சுக் காயவெச்சுடு. இல்லன்னா அன்னைக்கு ஒரு நாள் தளர்வாப் பின்னிக்கோ.

கரூர்: தோள் வரைக்கும்தான் முடி. எனக்கெல்லாம் கொண்டை வருமா?

வரும். டோனட் வளையத்துல சின்ன சைஸ் வாங்குங்க, உங்க முடி நிறத்துலயே வாங்குங்க. குதிரைவாலை வளையத்துக்குள்ள விட்டு, முடியைச் சுத்தி விரிச்சு, மேல ஒரு பேண்ட் போட்டு, மிச்ச நுனியை அடியில சுத்திப் பின் பண்ணுங்க. வளையம் எங்கயும் எட்டிப் பாக்கக் கூடாது. பெரிய கொண்டைக்கு ஆசைப்பட்டுப் பெரிய வளையம் வாங்கினா கண்டிப்பா எட்டிப் பாக்கும்.

திருநெல்வேலி: பொண்ணுக்கு ஏழு வயசு, சலங்கை பூஜை வருது. கொண்டையா, சவுரி வெச்ச ஜடையா?

அதை அவ குருகிட்ட கேளுங்க. ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு வழக்கம். நான் சொல்றது ஒண்ணுதான்: பிள்ளைக்கு நெத்தித் தோல் மேல ஏறுற மாதிரி இழுத்துக் கட்டாதீங்க. "வலிக்குதும்மா"ன்னு சொன்னா உடனே அவுத்துத் திரும்பப் போடுங்க.

நாகர்கோவில்: நான் பாட்டியான ஆளு, அதனால சொல்றேன். எண்ணெய் ரெண்டு சொட்டுன்னு சொல்றீங்களே. எங்க அம்மா தலை நிறைய எண்ணெய் வெச்சுத்தான் கொண்டை போடுவாங்க. ஒரு ஊசி கிடையாது, வலை கிடையாது. களை பறிச்சுட்டு வந்தாலும் கலையாது. எண்ணெய்தான் பிடிமானம்.

கோவை: பெரியம்மா சொல்றது சரிதான். எங்க ஆச்சியும் அப்படித்தான்.

திருச்சி: இல்லவே இல்ல. எண்ணெய் வெச்சா எனக்கு ஊசி எல்லாம் பஸ்லயே உருவி விழுது. அந்தக் காலத்து முடி நீளம், அதனால நின்னுச்சு.

இதுக்குக் கொஞ்சம் நிதானமாவே பதில் சொல்லணும், ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. பெரியம்மா, உங்க அம்மா போட்டது முடிச்சு. முடியை அள்ளி, கையில சுத்தி, நுனியை நடுவுல விட்டு இழுத்து முடியுறது. அதனாலதான் "அள்ளி முடிஞ்ச கொண்டை"ன்னு சொல்றோம். முடியே முடியைக் கட்டிப் போடுது, ஊசிக்கு அங்க வேலை இல்ல. நாங்க இப்ப போடுறது சுருள். சுருளை ஊசிதான் பிடிக்குது. ஊசிக்கு உரசல் வேணும், எண்ணெய் அந்த உரசலைத்தான் குறைக்குது. அதனால திருச்சிக்காரங்க ஊசி உருவிடுது.

அப்போ எண்ணெய்க்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. எண்ணெய் பட்ட முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கயிறு மாதிரி ஒரே புரியா நிக்கும், முடிச்சுப் போட அது வாகு. இன்னொண்ணும் யோசிங்க. அப்ப சீயக்காய் தேச்சுக் குளிச்சாங்க, இப்ப கண்டிஷனர் போடுறோம். அதுல இருக்கிற சிலிக்கோன் முடி மேல படிஞ்சு வழவழன்னு ஆக்கிடுது. அது மேல எண்ணெயும் வெச்சா எந்த ஊசி நிக்கும்?

நாகர்கோவில்: அப்ப என் பேத்தி முதுகு வரைக்கும் முடி வெச்சிருக்கா, அவளுக்கு முடிச்சு வருமா?

முதுகுப் பாதி தாண்டினா வரும். நீங்களே போட்டுக் காட்டுங்க பெரியம்மா, நான் எழுத்துல சொல்றதை விட உங்க கை நல்லாச் சொல்லும்.

திருச்சி: இப்பவே முடிச்சுப் போட்டுப் பாத்தேன். தலையை ஆட்டினாலும் நிக்குது! ஆனா நீட்டா இல்லையே, பக்கமெல்லாம் புஸ்ஸுன்னு இருக்கு.

முடிச்சுல அந்தத் தளர்வு இருக்கத்தான் செய்யும். ஆபீஸுக்கு வேணும்னா முதல்ல குதிரைவால் கட்டி, அந்த வாலை முடிச்சாப் போடுங்க. மேல வழவழன்னு இருக்கும், பின்னாடி முடிச்சு பிடிக்கும். அடியில ரெண்டு ஊசி போதும்.

கோவை: அப்ப ஆச்சி சொன்னது தப்பா?

ஆச்சி சொன்னது ஆச்சியோட கொண்டைக்குச் சரி.

விழுப்புரம்: தலை ஈரமா இருக்கும்போதே ஜெல் போட்டுக் கொண்டை போடலாமா?

மேல ஹாஸ்டல் தங்கச்சிக்குச் சொன்னதுதான். ஜெல் போட்டாலும் ஈரம் ஈரம்தான்.

ஈரோடு: ஆறு மாசமா முடி கொட்டுது, அதுக்கு ஏத்த கொண்டை சொல்லுங்க.

வேலூர்: எனக்கும் கொட்டுது, என்ன எண்ணெய் தேய்க்கணும்?

ஒரு நாளைக்கு 50லிருந்து 100 முடி வரைக்கும் உதிர்றது இயல்பு. அதுக்கு மேல மாசக்கணக்கா கொட்டுதுன்னா தோல் டாக்டர்கிட்ட போங்க. அது என் வேலை இல்ல, எண்ணெய் பேர் சொல்லி உங்க நாளை வீணாக்க மாட்டேன்.

தஞ்சாவூர்: எவ்வளவு இறுக்கமா கட்டணும்? இறுக்கினாத்தானே நீட்டா வரும்?

இறுக்கம் வேற, பிடிப்பு வேற. நான் வேலை கத்துக்கிட்ட பார்லர்ல தினமும் கண் இழுக்குற அளவுக்குக் கொண்டை போட்டுத்தான் நிக்கணும்னு சட்டம். நாலு வருஷம் அப்படி நின்னேன். நெத்தியோரம் ரெண்டு பக்கமும் முடி ஏறிப் போச்சு, அது இன்னும் திரும்ப வரல. வருஷக்கணக்கா இழுத்தா வேரே செத்துடும்மா. கொண்டை போட்டதும் புருவத்தைத் தூக்கிப் பாருங்க. நெத்தி இழுத்துச்சுன்னா அவுத்துடுங்க.

ஆவடி: ஈரத்தலையில ட்ரையர் போட்டு மேலாப்புல மட்டும் காயவெச்சா?

உள்ள ஈரம் இருக்குல்ல? வேண்டாம். ஈரத்தலைக் கேள்வி இதோட போதும்.

பரமக்குடி: கொண்டையைச் சுத்திப் பூ வைக்க எத்தனை முழம் வாங்கணும்?

நல்ல கேள்வி. நடுத்தரக் கொண்டை குறுக்க 9 சென்டிமீட்டர்னா சுத்தளவு 28 வரும். முழம் ஏறக்குறைய 45. ஒரு சுத்துக்கு முக்கால் முழம், ரெண்டு சுத்துக்கு ஒண்ணரை முழம் வாங்குங்க. நெருக்கக் கட்டின சரமாப் பாத்து எடுங்க. தளரக் கட்டினது அளவுக்கு வரும், கொண்டையில வெச்சா இடைவெளி தெரியும். சாயங்கால விசேஷத்துக்கு மொட்டாவே வைங்க, மண்டபத்துல நீங்க நிக்கும்போது மலரும். எங்க ஊரு மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. இதழ் தடிமன், சீக்கிரம் துவளாது, கொண்டைக்கு அதுதான் சரி. சரத்தோட ரெண்டு நுனி நூலையும் ஊசியில ஒரு சுத்துச் சுத்தி, கொண்டை அடியில, சொன்ன மாதிரி திருப்பித் தள்ளுங்க. கனகாம்பரம் சேத்தா கலர் எடுப்பா இருக்கும், கனமும் இல்ல.

மதுரை: அக்கா, விசேஷம் முடிஞ்சு அலுப்புல அப்படியே படுத்துடுறேன். காலையில அவுத்தா பரவாயில்லையா?

படுக்காதீங்க. ஊசி தலையில குத்தும், ராத்திரி முழுக்க வேர் இழுபடும். முதல்ல பூவை எடுங்க, அப்புறம் ஊசி, கடைசியா பேண்ட். ஊசியை உள்ள தள்ளின வழியிலயே திருப்பி எடுங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்க. அஞ்சு வெச்சிருந்தா அஞ்சும் டப்பாவுல இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டுப் படுங்க.